பிள்ளை சொல்லாத பார்வைக் குறை

 

ஒலுவில் துறைமுகத்தை அண்டிய கடற்கரைக்கு மாலை வேளைகளில் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் வழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அடுத்த முறை செல்லும்போது ஒரு சிறு காரியத்தைச் செய்து பாருங்கள். கரையில் ஏற்றி வைக்கப்பட்டிருக்கும் படகொன்றின் பெயரை நீங்கள் தெளிவாக வாசிக்கக்கூடிய தூரத்தில் பிள்ளையை நிறுத்துங்கள். அதன் இடக்கண்ணை உங்கள் உள்ளங்கையால் அழுத்தாமல் மூடிக்கொண்டு, பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொல்லுங்கள். பின்னர் வலக்கண்ணை மூடி, வேறொரு படகைக் காட்டுங்கள். அதே படகைக் காட்டினால் பிள்ளை மனனமாக ஒப்புவித்துவிடும். பிள்ளைகள் அவ்வளவு கெட்டிக்காரர்கள். எழுத்தறியாத சின்னஞ்சிறு பிள்ளையாயின், தூரத்தில் நிற்கும் காகங்களை எண்ணச் சொன்னாலும் போதும்.

இரு கண்களாலும் ஒரே விதமாகச் சொல்லிவிட்டால் அல்ஹம்துலில்லாஹ். ஒரு கண்ணை மூடும்போது மாத்திரம் பிள்ளை உங்கள் கையைத் தட்டிவிட்டாலோ, தலையைச் சரித்து விரலிடுக்கால் பார்க்க முயன்றாலோ, அதனைக் குறும்பு என்று எண்ணிவிடாதீர்கள். திறந்திருக்கும் கண்ணால் அதற்குச் சரிவரத் தெரியவில்லை என்பதே அதன் பொருளாக இருக்கலாம். இது கண் வைத்தியரின் பரிசோதனைக்கு ஈடாகாது. ஆயினும் பல வீடுகளில் வருடக்கணக்காக மறைந்து கிடக்கும் ஒரு குறையை இவ்வளவு எளிதாகவே கண்டுபிடித்துவிடலாம்.

ஏன் மறைந்து கிடக்கிறது? பல் வலித்தால் பிள்ளை அழும். காது குத்தினால் உறங்காது. பார்வைக் குறையோ வலிப்பதில்லை. பிறந்தது முதல் மங்கலாகவே உலகைக் கண்டுவரும் பிள்ளைக்கு, மற்றவர்களுக்கு உலகம் வேறுவிதமாகத் தெரிகிறது என்பதை அறிய வழியேதுமில்லை. "எனக்குக் கண் தெரியவில்லை, உம்மா" என்று அது ஒருபோதும் வந்து சொல்லப்போவதில்லை. நாமாகத் தேடிப் பார்த்தாலன்றி இக்குறை வெளிப்படாது. தேடிப் பார்ப்பதற்கும் ஒரு காலவரையறை உண்டு.

கண்ணிலிருந்து ஒளி புறப்பட்டுச் சென்று பொருள்களைத் தொடுவதால்தான் பார்க்கிறோம் என்று முற்காலத்து அறிஞர்கள் பலர் எண்ணியிருந்தனர். பஸ்ராவில் பிறந்த இப்னுல் ஹைதம் 11ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதிய 'கிதாபுல் மனாளிர்' என்னும் நூலில் அக்கருத்தை மறுத்து, பொருள்களிலிருந்து வரும் ஒளியே கண்ணுக்குள் நுழைகிறது என்று நிறுவினார். அத்துடன் அவர் நிற்கவில்லை. பார்த்ததை இன்னதென்று தீர்மானிப்பது கண்ணுக்கு அப்பாலுள்ள அறிவின் வேலை என்றும் விளக்கினார். கண் ஒளியைச் சேகரிக்கிறது, காண்பது மூளை. இதனை மனத்தில் இருத்திக்கொண்டால் குழந்தைகளின் கண் வைத்தியத்தில் பாதி விளங்கிவிடும்.

குழந்தை பிறக்கும்போது அதன் மூளைக்கு முழுமையாகப் பார்க்கத் தெரியாது. வாழ்வின் முதல் ஏழெட்டு ஆண்டுகளில், இரு கண்களிலிருந்தும் தெளிவான பிம்பங்கள் இடையறாது வந்து சேர்ந்தால்தான் அது பார்க்கப் பழகுகிறது. ஒரு கண்ணிலிருந்து மங்கலான பிம்பமே வருமாயின், மூளை அக்கண்ணைப் புறக்கணித்துவிட்டு மற்றக் கண்ணோடு திருப்தியடைந்துவிடும். பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணைச் சில காலம் மூடிவைத்து இதனை ஆராய்ந்த ஹூபெல், வீசல் ஆகிய இருவரும் 1981இல் நோபல் பரிசு பெற்றனர். குட்டிப் பருவத்தில் மூடப்பட்ட கண்ணைப் பின்னர் திறந்தபோது கண் பழுதின்றியே இருந்தது. மூளையோ அதனை ஏற்க மறுத்தது. மனிதக் குழந்தைகளில் இந்நிலையைச் 'சோம்பற்கண்' என்று கூறுவர்.

இருபது வயதில் இதனைக் கண்டுபிடித்தால் மூக்குக்கண்ணாடி அணிந்தாலும் அக்கண் பெரும்பாலும் தெளிவதில்லை. நான்கு ஐந்து வயதில் கண்டுபிடித்தால், கண்ணாடியும் நல்ல கண்ணைச் சில மணித்தியாலங்கள் மூடிவைக்கும் ஒட்டும் போதுமாயிருக்கும். மிதமான சோம்பற்கண்ணுக்கு நாளொன்றுக்கு 2 மணித்தியாலம் மூடுவதும் 6 மணித்தியாலம் மூடுவதும் ஏறக்குறைய ஒரே பலனைத் தருவதாக, ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளிடம் நடத்தப்பட்டு 2003இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. இரண்டு மணித்தியாலம் என்பது பாலர் பாடசாலையிலிருந்து வந்து உணவருந்தி, ஒரு படப் புத்தகத்தைப் புரட்டும் நேரமே. ஏழு வயது கடந்த பிள்ளைகளும் ஓரளவு பயனடைவதுண்டு. ஆகவே காலம் தாழ்ந்தது என்று எவரும் கைவிட்டுவிட வேண்டாம். எனினும் பிந்தப் பிந்தப் பலன் குறையும்.

மாறுகண்ணைப் பற்றியும் இவ்விடத்தில் ஒரு வார்த்தை. வாக்குக்கண் அதிர்ஷ்டம் என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போகும் பெரியவர்கள் இன்னமும் நம்மிடையே இருக்கிறார்கள். பிறந்து சில வாரங்களேயான குழந்தையின் கண்கள் இடையிடையே விலகுவது இயல்பே. நான்கு மாதம் கடந்த பின்னரும் ஒரு கண் விலகியே இருந்தால், அக்கண் சோம்பற்கண்ணாக மாறிக்கொண்டிருக்கக்கூடும். இதனினும் அவசரமான அடையாளம் ஒன்று உண்டு. கைத்தொலைபேசியில் பிளாஷ் அடித்து எடுத்த படத்தில் கண்மணி கறுப்பாகவோ சிவப்பாகவோ தோன்றாமல் ஒரு கண்ணில் மாத்திரம் வெள்ளையாக மின்னுமாயின், அது சில வேளை படம் எடுத்த கோணத்தின் விளைவாக இருக்கலாம். பிறவிக் கண்புரையாகவும் இருக்கலாம். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் விழித்திரையில் அரிதாகத் தோன்றும் புற்றுநோயாகவும் இருக்கலாம். அப்புற்றுநோயை முந்திக் கண்டால் உயிரையும், பெரும்பாலும் பார்வையையும் காப்பாற்றலாம். ஆதலால் அவ்வாரமே வைத்தியரிடம் காட்டுங்கள்.

இவற்றைக் கவனிப்பதற்கு நம் நாட்டில் வசதியில்லையா? உண்டு. குழந்தை பிறந்ததும் தரப்படும் பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டில் தடுப்பூசி அட்டவணைக்கும் நிறைக் கோட்டுக்கும் அப்பால், குழந்தையின் பார்வையைப் பற்றித் தாய் கவனிக்க வேண்டியவையும் அச்சிடப்பட்டிருக்கின்றன. தடுப்பூசிப் பக்கத்தைப் புரட்டாத தாய் இல்லை; அந்தப் பக்கத்தைப் புரட்டியவர்கள் எத்தனை பேர்? விளங்காததைக் குடும்ப நல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். பாடசாலைகளில் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையினர் நடத்தும் பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் தரம் 1, 4, 7, 10 மாணவர்களின் பார்வையும் சோதிக்கப்படுகிறது. குறை காணப்படின் பெற்றோருக்குக் கடிதமொன்று அனுப்பப்படும். அக்கடிதம் புத்தகப் பையின் அடியில் மடிந்து கிடந்து, கிளினிக் நாள் கடந்துபோவதுதான் கவலைக்குரியது. பரிசோதனை நடந்த நாளில் பையை நீங்களே திறந்து பாருங்கள். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையிலும் அம்பாறைப் பொது வைத்தியசாலையிலும் கண் பிரிவுகள் உள்ளன. அருகிலுள்ள ஆதார வைத்தியசாலையில் கண் கிளினிக் எந்த நாளில் நடைபெறுகிறது என்பதை முதலில் விசாரித்துக்கொண்டு சென்றால் ஒரு நாள் உழைப்பு வீணாகாது.

அடுத்து, பள்ளிப் பருவத்தில் புதிதாகத் தோன்றும் குறும்பார்வை. அருகிலுள்ளவை தெரியும், வெண்பலகை தெரியாது. கண்கோளம் அளவுக்கு மிஞ்சி நீண்டு வளர்வதால் இது உண்டாகிறது. நீண்ட கோளம் மீண்டும் குறுகுவதில்லை. மிகக் கூடினால் நடுவயதில் விழித்திரையையும் தாக்கும். இது பரம்பரைக் குறை, தடுக்க முடியாது என்றே வெகுகாலம் எண்ணப்பட்டு வந்தது. 2008இல் வெளியான ஓர் ஒப்பீடு அவ்வெண்ணத்தை அசைத்தது. சிங்கப்பூரிலும் அவுஸ்திரேலியாவின் சிட்னியிலும் வாழும் சீன இனத்துப் பிள்ளைகளை, ஆறு ஏழு வயதினரை, ஆய்வாளர்கள் பரிசோதித்தனர். சிங்கப்பூரில் நூற்றுக்கு 29 பேருக்குக் குறும்பார்வை. சிட்னியில் நூற்றுக்கு 3 பேருக்கே. பெற்றோரின் பார்வைக் குறையோ ஏறக்குறைய ஒரே அளவு. சிட்னிப் பிள்ளைகள் வாசிப்பில் குறைந்தவர்களுமல்லர். மிகப் பெரிய வேறுபாடு, அவர்கள் வாரத்திற்குச் சுமார் 14 மணித்தியாலம் திறந்தவெளியில் இருந்தார்கள், சிங்கப்பூர்ப் பிள்ளைகள் சுமார் 3 மணித்தியாலமே இருந்தார்கள் என்பதாகும். பின்னர் சீனாவின் குவாங்சோ நகரப் பாடசாலைகளில் முதலாம் தரப் பிள்ளைகளுக்கு நாள்தோறும் 40 நிமிட வெளிப்புற வகுப்பைக் கூட்டிப் பார்த்தனர். மூன்று ஆண்டுகளில் புதிதாகக் குறும்பார்வை அடைந்தோர் நூற்றுக்கு 40 என்பதிலிருந்து 30 ஆகக் குறைந்தனர் என்று 2015இல் அறிவிக்கப்பட்டது. பகல் வெளிச்சம் விழித்திரையில் சுரக்கச் செய்யும் டோபமின் என்னும் பொருள் கண்கோளத்தின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்துகிறது என்பது இதற்குத் தரப்படும் விளக்கம். வகுப்பறையின் மின்விளக்கைவிட மர நிழல் பல மடங்கு வெளிச்சமானது. சுட்டெரிக்கும் வெயிலில் பிள்ளை நிற்க வேண்டியதில்லை.

இப்போது நம் பிள்ளைகளின் நாளை நினைத்துப் பாருங்கள். காலையில் பாடசாலை, பிற்பகலில் ரியூஷன், அஸருக்குப் பின் குர்ஆன் மதரஸா, இரவில் மீண்டும் கொப்பி. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கினாலோ எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைக்குச் சனியும் ஞாயிறும்கூட இல்லை. மிஞ்சிய நேரத்தைக் கைத்தொலைபேசி விழுங்கிவிடுகிறது. குறும்பார்வை தோன்றி வேகமாக வளரும் வயதும் இதுவே. ஓதுவதையும் படிப்பதையும் குறைக்குமாறு எவரும் சொல்லவில்லை. ஓதும் பலகைக்கும் முகத்திற்கும் இடையே முழங்கை நீளமாவது இருக்கட்டும். அரை மணித்தியாலத்திற்கு ஒருமுறை எழுந்து சாளரத்தின் வழியே தூரத்தைப் பார்க்கட்டும். நாளொன்றுக்கு இரண்டு மணித்தியாலம் வானத்தின் கீழ் இருக்கட்டும். பாடசாலைக்கு நடந்து செல்வதும் இக்கணக்கில் சேரும். ரியூஷன் நடத்தும் இளம் சகோதரர்கள் வகுப்பின் இடையில் பதினைந்து நிமிடம் முற்றத்தில் விளையாட விட்டால் பெற்றோர் குறைகூறக் கூடாது.

விளையாட இடம் எங்கே என்று ஒலுவில் மக்கள் கேட்டால் அதிலும் நியாயம் உண்டு. 2013இல் துறைமுகம் திறக்கப்பட்டது. அதன் கட்டுமானத்தைத் தொடர்ந்து ஏற்பட்ட கடலரிப்பில் தென்னந்தோப்புகளோடு பிள்ளைகள் பந்தடித்த மணற்பரப்பும் கரைந்துபோயிற்று. கரையைக் காப்பது பற்றிய பேச்சுகளில் படகுகளுக்கும் காணிகளுக்கும் அடுத்தபடியாகப் பிள்ளைகளின் விளையாட்டிடத்தையும் சேர்த்துப் பேசுவது இளைஞர் கழகங்களின் கடமையென்று கருதுகிறேன். அதுவரை பள்ளிவாசல் முற்றமும் பாடசாலை மைதானமும் மாலையில் பூட்டப்படாமல் இருக்கட்டும்.

இனி, கண்ணைக் கசக்கும் பிள்ளை. வெப்பமும் தூசியும் மிகுந்த நம் போன்ற பிரதேசங்களில் ஐந்து முதல் பதினைந்து வயதுவரையான பிள்ளைகளுக்கு, குறிப்பாக ஆண் பிள்ளைகளுக்கு, கண்கள் சிவந்து, தாங்கமுடியாமல் அரித்து, நூல்போன்ற பீளை தள்ளும் ஒவ்வாமை நோயொன்று வருடந்தோறும் திரும்பத் திரும்ப வரும். பெரும்பாலும் பருவ வயது கடக்கத் தானாகவே தணிந்துவிடும். இதில் நோயைவிட ஆபத்தானது மருந்து! ஸ்டீரொயிட் கலந்த சொட்டு மருந்தை விட்டால் ஒரே நாளில் கண் வெளுத்து, அரிப்பு அடங்கிவிடும். வைத்தியர் இரண்டு வாரத்திற்கு எழுதித் தந்த அம்மருந்தின் வெறும் போத்தலைக் காட்டி மீண்டும் மீண்டும் பாமசியில் வாங்கி, மாதக்கணக்கில் ஊற்றும் பெற்றோர் உண்டு. தொடர்ந்து ஊற்றினால் கண்ணின் உள்ளழுத்தம் உயர்ந்து, குளுக்கோமா நோயால் பார்வை நரம்பு செத்துவிடும், கண்புரையும் உண்டாகும். நரம்பு செத்தால் எந்தச் சத்திரசிகிச்சையும் அதனை மீட்காது. அரிப்புக்குக் குளிர்ந்த நீரில் நனைத்த துணியும் வைத்தியர் தரும் பாதுகாப்பான சொட்டு மருந்துகளும் உண்டு. கண்ணை ஓயாது கசக்குவதும் கருவிழியின் மேலுள்ள தெளிந்த படலத்தை மெலிந்து கூம்பச் செய்யும். எனவே அரிப்பையும் அலட்சியம் செய்தல் கூடாது.

விபத்துகளைப் பற்றி நீண்ட நேரம் பேசலாம். வெற்றிலைத் தட்டுகளில் இருக்கும் சுண்ணாம்பைப் பற்றி மட்டுமாவது ஒவ்வொரு வீட்டிலும் பேசுங்கள். மூத்தம்மாவின் சுண்ணாம்புக் குப்பியைப் பிள்ளை அழுத்திப் பார்க்க, அது கண்ணில் தெறிக்கிறது. சுண்ணாம்பு காரப்பொருள், நிமிடங்களுக்குள் கருவிழியை ஊடுருவிச் செல்லும். அப்போது வாகனம் தேடி ஓடாதீர்கள். முதலில் தண்ணீர்! இமைகளை விரித்துப் பிடித்து, குறைந்தது அரை மணித்தியாலம் சுத்தமான நீரை ஊற்றிக்கொண்டே இருங்கள். இமைக்கடியில் ஒட்டிய துணுக்குகளை ஈரத்துணியின் நுனியால் எடுத்துவிடுங்கள். அதன் பின்னரே வைத்தியசாலை.

தூண்டில் முள் குத்தினாலோ, பெருநாளில் பிளாஸ்டிக் குண்டுத் துப்பாக்கியோ வெடியோ பட்டாலோ முறை நேர்மாறானது. கழுவக்கூடாது, முள்ளைப் பிடுங்கக்கூடாது, அழுத்தக்கூடாது. காகிதக் குவளை போன்ற ஒன்றைக் கண்ணின்மேல் தொடாதவாறு கவிழ்த்து ஒட்டி, நேரே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அறுவடைக் காலத்தில் நெல்லின் சுணையோ தாளோ கீறிய கண்ணில் முலைப்பாலும் பச்சிலைச் சாறும் விடும் பழக்கம் முற்றாக ஒழிய வேண்டும். வயலின் பூஞ்சணம் கீறலுக்குள் புகுந்து புண்ணாகி, ஆறினாலும் வெள்ளைத் தழும்பாக நிலைத்துவிடும். அத்தழும்பை அகற்ற இறந்த ஒருவரின் விழிப்படலம் வேண்டும். வைத்தியர் ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய இலங்கைக் கண்தானச் சங்கம் இந்நாட்டுக்கு மாத்திரமன்றிப் பாகிஸ்தான் உட்படப் பல நாடுகளுக்கும் ஆயிரக்கணக்கில் விழிப்படலங்களை அனுப்பியிருக்கிறது. ஆனால் சிறு பிள்ளைகளின் கண்ணில் மாற்றிய படலம் நிலைப்பது பெரியவர்களைவிடக் கடினம்.

சுருமாவைப் பற்றிப் பலர் கேட்பதுண்டு. நபிமொழிகளில் சிறப்பித்துக் கூறப்படும் 'இஸ்மித்' அஞ்சனக்கல் என்று கொள்ளப்படுகிறது. ஆனால் கடைகளில் அப்பெயரால் விற்கப்படும் கருந்தூள் யாவும் அதுவல்ல. அரபு நாடுகளிலும் பாகிஸ்தானிலும் வாங்கிய மாதிரிகளை ஆய்வுகூடங்களில் சோதித்தபோது, பலவற்றில் பெரும்பகுதி ஈயக் கனிமமாகவே இருந்தது. குழந்தை கண்ணைக் கசக்கிய விரலை வாயில் வைக்கும். ஈயம் இரத்தத்தில் கலந்து மூளையின் வளர்ச்சியைக் கெடுக்கும். இந்த அளவு ஈயம் பாதுகாப்பானது என்று சொல்லத்தக்க அளவே கிடையாது. மக்காவிலிருந்து வந்தது என்பதோ, விலை உயர்ந்தது என்பதோ அதில் ஈயமில்லை என்பதற்குச் சான்றாகாது. கைக்குழந்தையின் கண்ணுக்குள் எதையும் இடாதிருப்பதே நலம்.

உணவில் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முருங்கைக்கீரை, பொன்னாங்காணி, பப்பாசி, மாம்பழம், பூசணி, முட்டை, ஈரல் இவற்றில் ஏதேனுமொன்று நாள்தோறும் தட்டில் இருக்கட்டும். கீரையோடு சிறிது தேங்காய்ப்பாலோ எண்ணெயோ சேர்ந்தால்தான் விற்றமின் ஏ உடலில் சேரும். கிளினிக்கில் தரப்படும் விற்றமின் ஏயையும் தவறவிடாதீர்கள். ஆயினும், மஃரிப் நேரத்தில் தட்டுத்தடுமாறும் பிள்ளைக்கெல்லாம் ஈரலைக் கொடுத்துவிட்டு இருந்துவிட முடியாது. நெருங்கிய உறவில் திருமணம் செய்த குடும்பங்களில் விழித்திரை படிப்படியாக நலியும் பரம்பரை நோயும் மாலைக்கண்ணாகவே தொடங்கும். குடும்பத்தில் ஒருவருக்கு அது இருந்தால் மற்றப் பிள்ளைகளையும் காட்டுங்கள்.

இறுதியாக மூக்குக்கண்ணாடி. பெண் பிள்ளைக்குக் கண்ணாடி எழுதித் தந்தால், நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்களோ என்று அஞ்சி அதனை அலுமாரியில் வைத்துப் பூட்டும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் மறையவில்லை. கண்ணாடி அணிந்தால் பார்வை மேலும் கெடும் என்பதும் வெறும் பேச்சு. கண்கோளம் வளர்வதால் இலக்கம் கூடுகிறதேயன்றிக் கண்ணாடியால் அல்ல. மூடிய அலுமாரிக்குள் இருப்பது ஆறு வயதுப் பிள்ளையின் ஒரு கண்ணின் எதிர்காலமாக இருக்கலாம். வகுப்பாசிரியரிடமும் மதரஸா மௌலவியிடமும் நீங்களே சென்று, பிள்ளை ஏன் கண்ணாடி அணிகிறது, ஏன் ஒரு கண்ணில் ஒட்டு ஒட்டப்பட்டிருக்கிறது என்பதை விளக்குங்கள். முதல் நாளிலேயே அவர்கள் மற்றப் பிள்ளைகளுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிட்டால் கேலி பெரும்பாலும் அங்கேயே அடங்கிவிடும். வுழூச் செய்யும்போது கழற்றிய கண்ணாடியைப் பள்ளிவாசல் ஹவுளின் விளிம்பில் மறந்துவிட்டு வராதிருக்க, கழுத்தில் மாட்டும் சிறு கயிறொன்றைக் கட்டிக் கொடுங்கள். கடற்காற்றின் உப்புப் படிந்த வில்லைகளைச் சாரத்தின் நுனியால் துடைத்தால் கீறல் விழும். நீரில் கழுவி, மென்மையான பருத்தித் துணியால் ஒற்றியெடுப்பது போதும். ஆறு மாதத்திற்கொருமுறை, அல்லது வைத்தியர் குறித்த நாளில், இலக்கம் மாறியிருக்கிறதா என்று மீண்டும் காட்டிக்கொள்ளுங்கள்.